இலுமினாத்தா சிலுவையிலிருந்து இறங்கிய விவரம்

1964ஆம் ஆண்டு அக்டோபர் ஒன்பதாம் தேதி மாலை, இனி வெளிச்சம் போதாது என்று கேமராக்காரர் கையசைத்த பிறகு, இலுமினாத்தாவைச் சிலுவையிலிருந்து இறக்கினார்கள். அவள் இறங்கினாள், கைகள் இறங்கவில்லை. கயிற்றை அவிழ்த்த தச்சன் பசீலியோ, குளிரில் விறைத்திருக்கும் என்று நினைத்து முழங்கைகளைத் தேய்த்துவிட்டான். ஒப்பனைக்காரி நெல்லா கொஞ்சம் சாராயம் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். ரோமிலிருந்து வந்திருந்த இரண்டு பலசாலிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கீழே அழுத்தினார்கள். அவர்களுடைய கால்கள்தான் தரையைவிட்டு எழும்பின. இலுமினாத்தாவுக்கு வலி எதுவும் இல்லை. விரல்கள் அசைந்தன, மணிக்கட்டு திரும்பியது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே மட்டும், இரண்டு பக்கமும், கைகள் நீட்டியது நீட்டியபடி நின்றுவிட்டன. அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. ரொக்காவெர்தே ஊரில் அது திராட்சை அறுக்கும் வாரம் என்பதால், பலரும் அதிக நேரம் வேடிக்கை பார்க்க முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அவளுடைய அம்மா செராஃபினா மட்டும் போகவில்லை. ஐந்தடி தள்ளி நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஐந்தடி அவர்களுக்கு நடுவே எப்போதும் இருந்ததுதான். 1944 மே மாதத்தில் போர் அந்த மலைகளைத் தாண்டிப் போனபோது, கடலுக்கு அப்பாலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு படை மூன்று நாள் ரொக்காவெர்தேயில் தங்கியது. அந்த மூன்று நாளில் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதை ஊர் பேசுவதில்லை. அந்த மே மாதத்தையே நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டதுபோல ஏப்ரலிலிருந்து ஜூனுக்குத் தாவித்தான் எல்லாரும் கணக்குச் சொன்னார்கள். அடுத்த பிப்ரவரியில் செராஃபினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, காய்ந்த அத்திப்பழத்தின் நிறத்தில். ஒளி பெற்றவள் என்று பொருள்படும்படி இலுமினாத்தா என்று பெயர் வைத்தாள். ஊர் அவளைக் கரி என்று கூப்பிட்டது. கைதிகள் முகாமிலிருந்து திரும்பி வந்த செராஃபினாவின் புருஷன் தொட்டிலை ஒருமுறை எட்டிப்பார்த்தான், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவன் போனவன்தான். செராஃபினா மகளை அடித்ததில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், தலைக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள், காய்ச்சலென்றால் இரவெல்லாம் விழித்திருந்தாள். தூக்கி அணைத்ததில்லை. அழுததும் இல்லை, அந்த மே மாதத்தோடு அவளுடைய கண்ணீர் நின்றுபோயிற்று.

படக் கம்பெனி ஆகஸ்டில் வந்தது. கர்த்தரின் பாடுகளைப் படமாக்க ரொக்காவெர்தேயின் மொட்டைப் பாறைகள் எருசலேமை விட எருசலேமாக இருக்கின்றன என்று இயக்குநர் லந்த்ஸி சொன்னார். சதுக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சந்தையில் ஆடு பிரிப்பதுபோல ஊரைப் பிரித்தார். சீடர்கள் பன்னிரண்டு பேரும் ரோமிலிருந்தே வந்திருந்தார்கள். தாடி வளர்ந்த கிழவர்கள் பரிசேயர்கள் ஆனார்கள். நாற்பது பெண்கள் சிலுவையடியில் அழுவதற்கு எடுக்கப்பட்டார்கள். அவர்களில் செராஃபினாவும் ஒருத்தி. இலுமினாத்தாவின் முறை வந்தபோது லந்த்ஸி அவளை ஏற இறங்கப் பார்த்து, பாலைவனத்தில் வந்து சோதிக்கும் சாத்தான் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். இரண்டு நாள் அவள் பாறைமேல் கருப்புத் துணி போர்த்தி நின்றாள். வசனம் கிடையாது. ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை, அவளுக்கும்கூட.

அழுகை ஒத்திகையில்தான் முதல் தகராறு வந்தது. ரொட்டிக்கடை பெர்பெத்துவா, நாற்பது பேரில் வாய் அடங்காதவள், இயக்குநரிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். "ஐயா, வேதத்துல சிப்பாய்ங்களைப் பாத்ததும் ஆம்பிளைங்க அத்தனை பேரும் ஓடிப்போனாங்க. கடைசி வரைக்கும் நின்னது பொம்பளைங்கதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஓடிப்போனவனுக்கெல்லாம் பக்கம் பக்கமா வசனம். நின்னவளுக்கு வெறும் அழுகைதானா?"

"அம்மா, உங்க வேலை அழறது. அதைச் சரியா செய்யுங்க, போதும்" என்றார் லந்த்ஸி. ஆனால் அதுவும் சரியாக நடக்கவில்லை. வெங்காயம் வைத்துப் பார்த்தார்கள், கற்பூரம் வைத்துப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது பேருக்குக் கண் கலங்கியது. செராஃபினாவின் கண் சுண்ணாம்புக் கல் மாதிரி காய்ந்தே கிடந்தது. நாளையிலிருந்து இவளை நீக்கிவிடு என்று லந்த்ஸி உதவியாளரிடம் சொன்னார்.

மறுநாள் கர்த்தராக நடித்தவரைச் சிலுவையில் ஏற்றினார்கள். டென்மார்க்கிலிருந்து வந்தவர், பெயர் ஹோல்கர், கடல் நிறக் கண்கள். கால் மணி நேரத்தில் மயங்கிவிட்டார். முகத்தைக் கிட்டத்தில் எடுக்கும்போது தரையில் நின்று நடித்துக்கொள்வதாகவும், தூரத்துக் காட்சிக்கு வேறு ஆள் பார்க்கும்படியும் சொல்லிவிட்டார். வேறு ஆளாக வந்த ரோமாபுரிக்காரன் கால் வைக்க அடித்திருந்த ஈர ஆப்பில் வழுக்கி விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டான். ஊர் ஆண்களில் பாதிப்பேர் பெல்ஜியத்தில் இருந்தார்கள். மீதிப்பேர், அந்த மரத்தில் ஏறுகிறவன் அடுத்த திராட்சை அறுவடையைப் பார்க்கமாட்டான் என்று நம்பினார்கள். பசீலியோவே, தான் செய்த மரமென்றாலும், ஆணியடிக்க மட்டும் ஏணியில் ஏறினான். அப்போது லந்த்ஸியின் பார்வை, கூலி வாங்க ஓரமாக நின்றிருந்த இலுமினாத்தாமேல் விழுந்தது. ஹோல்கர் அளவுக்கு உயரம். பலகை மாதிரி மார்பு. ஒடுங்கிய இடுப்பு.

"பொம்பளையையா?" என்றார் உதவியாளர். "அதுவும் இந்தப் பொண்ணையா? விஷயம் வெளிய தெரிஞ்சா படம் தியேட்டர் வாசலைத் தாண்டாதுங்க."

"நூறு மீட்டர் தூரத்துல அது மனுஷ உடம்பு, அவ்வளவுதான். வெள்ளையடிச்சு தாடி ஒட்டுங்க" என்றார் லந்த்ஸி.

நெல்லா அவளுக்கு மாவு பூசினாள். முதல் நாள் இரண்டு டப்பா தீர்ந்தது. "ஏம்மா, எத்தனை பூசினாலும் உள்ள வாங்கிக்குதே உன் தோலு" என்று அலுத்துக்கொண்டாள்; பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல தோலு. வெயில் தாங்கும்" என்றாள். மார்பைத் துணியால் இறுக்கி, முள்முடி வைத்து, காலுக்குச் சின்ன மரத்துண்டு கொடுத்து, கைகளைக் கயிற்றால் கட்டினார்கள். ஒரே நாள் வேலை என்றார்கள். லந்த்ஸிக்கு ஒரு குறிப்பிட்ட வகை மேகம் வேண்டியிருந்தது. பதினொரு நாள் ஆயிற்று.

மேலே தொங்கியவளுக்கு முதல் நாள் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. இரண்டாம் நாள் காற்று. மூன்றாம் நாள்தான் அவள் கீழே பார்த்தாள். ரொக்காவெர்தே முழுக்க அண்ணாந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெருவில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்தபடி போகிறவர்கள், நாவிதர், தபால்காரர் மனைவி, பங்குச் சாமியார் தோன் எவரிஸ்தோ எல்லாரும் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். சிலர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். அது மாவுக்கும் தாடிக்கும் கிடைக்கிற மரியாதை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அன்று மாலை இறக்கியபோது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேனே என்று பசீலியோவிடம் சொன்னாள். அவன் அதைக் களைப்பில் உளறுகிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

நான்காம் நாள் செராஃபினா அழுதாள். அவளை நீக்கச் சொன்னதை உதவியாளர் மறந்துபோயிருந்ததால் நாற்பதாவது ஆளாக அவளும் நின்றாள், அண்ணாந்து பார்த்தாள், இருபது வருஷத்துக் கண்ணீரும் சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கியது. கன்னத்தில் வழிந்து, கழுத்தில் வழிந்து, இடுப்பு வரை சட்டை நனைந்தது. லந்த்ஸி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அந்தக் கருப்பு முக்காடு, அவ மேல வை, அவ மேலயே வை" என்று கேமராக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். அன்றிலிருந்து தினமும் அவளை முன்வரிசையில் நிறுத்தினார்கள். தினமும் அழுதாள். அவள் நின்ற இடத்தில் மண் சேறாகி, அவள் நிற்கப் பலகை போட வேண்டியிருந்தது.

கைகள் நின்றுபோன பிறகு பள்ளத்தாக்கிலிருந்து டாக்டர் வந்தார். சூடான செங்கல், ஆலிவ் எண்ணெய், பன்றிக் கொழுப்பு, ஊசி, எல்லாம் பார்த்துவிட்டு எலும்பில் கோளாறில்லை என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி நிர்வாகி ஒரு தாளோடு வந்தார். அதில், இலுமினாத்தா என்பவர் இந்தப் படத்தில் இரண்டு நாள் சாத்தானாக நடித்தார், வேறு எந்த வேலையும் செய்யவில்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட அவளால் குனிய முடியவில்லை. நிர்வாகி மை டப்பாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு அவளுடைய வலது கை முடிகிற இடம் வரை நடந்துபோய்ப் பெருவிரலை ஒற்றி எடுத்துக்கொண்டார். மறுநாள் லாரிகள் கிளம்பின. சிலுவையை விறகுக்கு ஏலம் விட்டார்கள்.

அதன்பிறகு அவளை எல்லாவற்றுக்கும் செராஃபினாதான் பார்க்க வேண்டியிருந்தது. சட்டைகளின் தோளைப் பிரித்துப் பித்தான் வைத்துத் தைத்தாள். இரண்டு கட்டிலைச் சேர்த்துப்போட்டு மல்லாக்கப் படுக்கவைத்தாள். சோளக்களி ஊட்டினாள், முகம் கழுவினாள், மூக்கைச் சிந்திவிட்டாள், தலை வாரினாள். பத்தொன்பது வருஷம் தொடாத உடம்பை ஒரு நாளைக்கு இருபது தடவை தொட்டாள். தொடும்போதெல்லாம் அடுப்பில் கிடக்கும் பாத்திரத்தைத் தொடுவதுபோல விரல் நுனியால் தொட்டாள். பேச்சு வழக்கம்போலக் குறைவு. "வாயத் திற" என்பாள், "திரும்பு" என்பாள்.

ஊருக்கும் பழகிப்போயிற்று. கல் சந்துகளில் இலுமினாத்தா பக்கவாட்டில் நடந்துபோவாள். எதிரே கழுதை வந்தால் கழுதைக்காரன் திரும்பிப்போவான். கம்பளி நூல் சிக்கெடுக்க வேண்டியவர்கள் நூல்கண்டோடு வந்து அவள் கைகளில் மாட்டிக்கொண்டார்கள். புகையிலை காயவைக்கக் கேட்டு வந்த ஒருவனைச் செராஃபினா துடைப்பத்தால் விரட்டினாள். ஆனால் அடுத்த கோடையில் வீட்டில் மாவு தீர்ந்தபோது, ஒரு திராட்சைத் தோட்டக்காரர் பறவை விரட்ட அவளைத் தோட்டத்தில் நிற்கக் கேட்டதை மறுக்க முடியவில்லை. பழம் அறுக்கும் வரை நின்றாள். மைனாக்கள் முதல் வாரம் பயந்தன, இரண்டாம் வாரம் கைமேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. தோட்டக்காரர் கூலியில் பிடித்துக்கொண்டார். பெரிய வெள்ளி வருவதற்கு முன்பு தோன் எவரிஸ்தோ வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், தனக்கு மேலிருக்கும் ஆயருக்குப் பயந்தவர். தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே, "கோயிலுக்கு மத்த நாள் வாம்மா, நான் வேண்டாம்னு சொல்லல. வெள்ளிக்கிழமை மட்டும் வராதே. நீ நின்னா ஜனங்க பாடுபட்ட சுரூபத்தைப் பாக்கமாட்டேங்கறாங்க" என்றார்.

"சாமி, என்னையும் யாரும் பாக்கறதில்ல. கையைத்தான் பாக்கறாங்க" என்றாள் இலுமினாத்தா. அந்தப் பெரிய வெள்ளியும் அதற்கப்புறம் வந்த பெரிய வெள்ளிகளும் வீட்டிலேயே இருந்தாள்.

படம் 1966 வசந்தத்தில், பள்ளத்தாக்கில் உள்ள காஸ்தெல்பியானோ தியேட்டருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு ரொக்காவெர்தே முழுவதும் இறங்கிப் போயிற்று. பஸ் கதவுக்குள் இலுமினாத்தா நுழைய முடியாது என்பதால் பசீலியோ தன் மரம் ஏற்றும் லாரியில் அவளையும் செராஃபினாவையும் நிறுத்திக் கூட்டிப்போனான். தியேட்டரில் இருக்கைகளுக்கு நடுவே இடம் பற்றாது. அவள் பின்சுவரில் சாய்ந்து நின்றாள். பாலைவனக் காட்சியில் சாத்தான் வந்ததும் முன்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துச் சிலுவை வந்தது. முதலில் தூரத்தில், மேகத்துக்கு எதிரே, நீட்டிய கைகளோடு ஒரு வெள்ளை உடம்பு. பிறகு செராஃபினாவின் முகம் திரை முழுக்க வந்தது. நெற்றியில் ஒரு வரி ஒரு முழ அகலம் இருந்தது. கண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் ஒரு குடம். தியேட்டரில் நிறையப் பேர் கைக்குட்டை எடுத்தார்கள். உடனே படம் வெட்டி, ஹோல்கரின் கடல் நிறக் கண்ணுக்குத் தாவியது. செராஃபினாவின் கண்ணீர் எல்லாம் அந்தக் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏழாவது வரிசையில் செராஃபினா எழுந்து நின்றாள். "நான் இவனுக்கு அழல" என்றாள்.

உட்காரும்மா என்று இரண்டு மூன்று குரல்கள் வந்தன.

"இவன் யாருன்னே எனக்குத் தெரியாது. மேல தொங்கினது என் பொண்ணு. பதினோரு நாள் தொங்கினா. நான் அழுதது அவளுக்கு. அதோ சுவரோரமா நிக்கறா பாருங்க, என் பொண்ணு."

என் பொண்ணு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து ரொக்காவெர்தே கேட்டது அதுவே முதல் தடவை. யாரோ சிரித்தார்கள். "ஓகோ, கரி கர்த்தராயிட்டாளா?" என்று நாவிதர் குரல் கொடுத்தார். "கர்த்தர் எந்த ஊர்க்காரர்னு நெனச்சே? உன்னை மாதிரி வெளுத்த பாலாடைக்கட்டியாவா இருந்திருப்பார்? வாயை மூடு" என்றாள் பெர்பெத்துவா இருட்டிலிருந்து. தோன் எவரிஸ்தோ தலையைக் குனிந்துகொண்டார்.

திரையில் மறுபடியும் தூரத்துக் காட்சி வந்தது. சிலுவையில் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள். இடது கையைக் கயிற்றிலிருந்து உருவினாள், பிறகு வலது கையை. மரத்துண்டில் கால் ஊன்றி, தூணைக் கட்டிப்பிடித்து, அத்தி மரத்திலிருந்து இறங்குவதுபோல இறங்கினாள். தாடியைப் பிய்த்துக் கீழே போட்டாள். அழுதுகொண்டிருந்த நாற்பது பெண்களுக்கு நடுவே புகுந்து, திரையின் இடது ஓரமாக நடந்து வெளியே போனாள். மேகம் நகர்ந்தது. சிலுவை காலியாக நின்றது, கயிறுகள் காற்றில் ஆடின. படம் நிற்கவில்லை, இசை வந்தது, ரோமச் சிப்பாய்களின் நூற்றுவர் தலைவன் தன் வசனத்தைக் காலி மரத்தைப் பார்த்துச் சொன்னான், எழுத்துக்கள் ஓடின. ஆபரேட்டர் சுருளை எடுத்துப் பார்த்தார். எங்கும் ஒட்டு இல்லை, கிழிசல் இல்லை. பின்சுவரில் நின்ற இலுமினாத்தாவுக்குத் தோளிலிருந்து ஏதோ பாரம் கழன்றாற்போல இருந்தது. கைகளை இறக்கிப் பார்த்தாள். அவை இறங்கவில்லை.

திரும்பும்போது மலைக்காற்று லாரியின்மேல் அடித்தது. செராஃபினா கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தாள், பிறகு நகர்ந்து நகர்ந்து மகளுடைய கைக்குள்ளே வந்து, முதுகை அவள் மார்பில் சாய்த்து நின்றாள். போர்வையை இருவருக்குமாக இழுத்துக்கொண்டாள்.

"உன் முகத்துல யாரையோ தேடிக்கிட்டே இருந்தேன்டி" என்றாள், முன்னால் ரோட்டைப் பார்த்தபடி. "எவன் முகம்னு தெரியாது. மூணு நாள், எத்தனையோ பேர். உன்னைப் பாக்கும்போதெல்லாம் இவனா, அவனான்னு. இன்னைக்கு என் மூஞ்சியை அவ்வளவு பெருசா காட்டினானே, அப்பத்தான் பாத்தேன். நெத்தி, மூக்கு, இந்தத் தாடை. உன்னோடது என் முகம்டி."

இலுமினாத்தா அணைக்கத்தான் நினைத்தாள். கைகள் இரண்டும் லாரியின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வளைவுகளில் பசீலியோ ஜாக்கிரதையாக ஓட்டினான்.

அன்று முதல் படத்தின் எல்லாப் பிரதிகளிலும் சிலுவை காலியாகவே இருந்தது. தூரின், மத்ரித், பியூனஸ் அயர்ஸ், எங்கே ஓட்டினாலும் அப்படித்தான். கம்பெனி முதலில் சுருள்களைத் திரும்ப வாங்கியது. பிறகு ரோமில் ஒரு பத்திரிகை இது இந்த நூற்றாண்டின் துணிச்சலான காட்சி என்று எழுதியதும் திரும்ப அனுப்பியது. லந்த்ஸி அதற்காக ஒரு பரிசு வாங்கினார். மேடையில் நீண்ட நேரம் பேசினார், பெண்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோடையில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு ரொக்காவெர்தே வந்தார். மெலிந்திருந்தார். வாசலில் நின்று, திரும்பவும் ஒரு நாள் ஏற முடியுமா என்று கேட்டார். இந்த முறை பெயரைப் போடுவதாகச் சொன்னார்.

"மாவு பூசுவீங்களா?" என்று கேட்டாள் இலுமினாத்தா.

அவர் யோசித்தார். "கொஞ்சம் பூசணும்" என்றார்.

"நான் இறங்கிட்டேன் ஐயா. போய்ட்டு வாங்க."

அவர் போனார். வருஷங்களும் போயின. தோன் எவரிஸ்தோ மாற்றலாகிப் போனார், அவர் போகும் முன் ஒரு வெள்ளிக்கிழமை நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாவிதர் செத்தார். பெல்ஜியத்திலிருந்து செராஃபினாவின் புருஷனுடைய கைக்கடிகாரம் ஒரு டப்பாவில் வந்தது, கடிதம் இல்லாமல். இலுமினாத்தாவின் கைகளில் தசை வற்றி, நிறம் மட்டும் மாறாமல், காற்றுள்ள நாளில் அவள் வெளியே போக முடியாதபடி ஆயிற்று. செராஃபினா தினமும் காலையில் அந்தக் கைகளுக்கு எண்ணெய் தேய்த்தாள், இப்போது உள்ளங்கை முழுவதையும் வைத்து. நான் போனால் உனக்கு யார் ஊட்டுவார்கள் என்று எப்போதாவது கேட்பாள். கேட்டுவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைப்பாள்.

1984 மார்ச்சில் பொலோனியா நகரிலிருந்து பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். மதப் படங்களில் பெண்களின் இடம் பற்றி ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி, ரொட்டிக்கடையில் விசாரித்தாள். "அந்தக் காலிச் சிலுவையை இயக்குநர் என்ன நினைச்சு அப்படி வச்சாருன்னு இங்க யாருக்காவது தெரியுமாங்க?"

"அவர் ஒண்ணும் நினைக்கல" என்றாள் பெர்பெத்துவா, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு. "இவ இறங்கிட்டா, அவ்வளவுதான். வீட்டுலதான் இருக்கா, கோயிலுக்குப் பின்னாடி மூணாவது சந்து. ஆனா இப்பப் போகாதீங்கம்மா, மத்தியானம். செராஃபினா ஊட்டிக்கிட்டு இருப்பா. முன்ன மாதிரி இல்ல, இப்ப அவளுக்குக் கை நடுங்குது, கரண்டி வாய்க்குப் போய்ச் சேர நேரமாகும். ஒரு மணிக்கு மேல போங்க."

அந்தப் பெண் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து ஒரு மணி ஆவதற்காகக் காத்திருந்தாள்.